தேய்ந்த ராணி தலை வெள்ளி ரூபாய்: அசலா, போலியா?

கேள்வி: பாட்டியின் பெட்டியில் ஒரு பழைய வெள்ளி ரூபாய் கிடைத்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணி. முகம் பாதி அழிந்துவிட்டது. வருடத்தில் முதலில் 18-ம் கடைசியில் 2-ம்தான் தெரிகிறது. நகைக்கடையில் எடை போட்டதில் 11.31 கிராம் வந்தது. "அசல் என்றால் 11.66 இருக்கணும், ஓரத்தில் வரிவரியான கோடும் இல்லை, இது டூப்ளிகேட்" என்று சொல்லி, வெள்ளி விலையில் பாதிக்குக் கேட்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?

பதில்: 11.66 கிராம் என்ற கணக்கு சரி. பழைய எடைக் கணக்கில் 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. ஆனால் அது நாணயச்சாலையிலிருந்து புதுசாக வெளிவந்த அன்றைய எடை. அதற்குப் பிறகு மடியிலும் சுருக்குப்பையிலும் கல்லாப்பெட்டியிலும் மற்ற காசுகளோடு உரசிக்கொண்டே கிடந்திருக்கிறது. உங்கள் காசில் குறைந்திருப்பது 0.35 கிராம், நூற்றுக்கு மூன்று பங்கு. முகம் பாதி அழிந்த காசில் இது இயல்பான குறைவுதான். முகம் மழுங்கிப்போன ஒரு காசு 11.66-ல் துல்லியமாக நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தேய்மானம் எடையைத் தொடாமல் முகத்தை மட்டும் தின்னாது.

எடையை விட்டுவிட்டு, காசு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காசைச் சாய்த்துப் பிடியுங்கள். கையில் புழங்கிய காசில் முதலில் போவது மேடான இடங்கள்: கிரீடம், காதுக்கு மேலே உள்ள கூந்தல், கன்னம், சட்டையின் பூவேலை. சுற்றியுள்ள எழுத்துகள் விளிம்பின் மறைவில் இருப்பதால் பின்னால்தான் தேயும். தேய்ந்தாலும் அவற்றின் அடிப்பகுதி, தளத்தோடு சேரும் இடம், கூர்மையாகவே நிற்கும். பின்பக்கமும் அப்படித்தான். பூவளையம் தட்டையாகியிருக்கும். நடுவில் உள்ள 'ஒன் ருபீ இந்தியா' அதைவிடத் தெளிவாக இருக்கும். எழுத்துச் சந்துகளில் பல வருஷக் கருப்பு படிந்திருக்கும்.

அச்செடுத்து உருக்கி ஊற்றிய போலியில் இந்த ஒழுங்கு இருக்காது. மேடும் பள்ளமும் ஒரே அளவுக்கு மழுங்கியிருக்கும். கன்னம் எவ்வளவு மங்கலோ, எழுத்தின் அடியும் அவ்வளவு மங்கல். தளத்தில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். வெள்ளி முலாம் பூசிய போலி என்றால் கன்னத்திலோ கூந்தலிலோ மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ எட்டிப் பார்க்கும். அசல் ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளே இருப்பதும் அதே வெண்மைதான்.

ஓரத்தில் வரியே இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். லென்ஸில் சுற்றிலும் பாருங்கள், எங்காவது நாலு வரி மிஞ்சியிருக்கும். ஓரத்தின் நடுவே ஒரு கோடு வளையமாக ஓடினால், அல்லது அரம் போட்ட கீறல் இருந்தால், அது கெட்ட அறிகுறி. இரண்டு பாதி அச்சு சேர்ந்த தடமோ அதை மறைத்த தடமோ அது. விட்டத்தையும் அளந்துவிடுங்கள். 30.5 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். நன்றாகக் குறைந்திருந்தால் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுத்திருக்கலாம். இது அந்தக் காலத்திலேயே நடந்த திருட்டு. அப்படிப்பட்ட காசு போலி ஆகிவிடாது, ஆனால் விலை குறையும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் பிடியுங்கள். காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஆட்டி விலக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உங்கள் 11.31 கிராம் காசுக்குத் தராசு 1.09 அல்லது 1.10 காட்டினால் அடர்த்தி 10.3 பக்கம் வருகிறது. இந்த ரூபாயின் உலோகத்துக்கு அதுதான் கணக்கு. 1.30 காட்டினால் அது ஜெர்மன் சில்வர் போன்ற மட்ட உலோகம். தேய்மானம் எடையைக் குறைக்கும், அடர்த்தியை மாற்றாது. அதனால்தான் தேய்ந்த காசுக்கு இந்தச் சோதனை பொருந்துகிறது. ஈயம் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டிய போலியும் செய்ய முடியும். ஆனால் அது மெத்தென்று இருக்கும், சுண்டினால் 'டப்' என்று செத்த சத்தம்தான் வரும். வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும்.

காந்தத்தை நம்ப வேண்டாம். அது இரும்பையும் நிக்கலையும் காட்டிக்கொடுக்கும். பித்தளையும் ஈயமும் வெள்ளியைப் போலவே ஒட்டாமல் நிற்கும். எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில் காட்டினால் நல்லது. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், கெட்டியான முலாம் அதை ஏமாற்றிவிடும். அதனால் நன்றாகத் தேய்ந்த மேட்டில் ஒருமுறை, தளத்தில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அமிலம் விட்டுப் பார்க்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், தழும்பு போகாது.

சரி, வருடத்துக்கு வருவோம். நடு எண் தெரியாவிட்டாலும் ராணியின் பட்டத்தை வைத்துச் சுருக்கிவிடலாம். முகத்தின் வலப்பக்கம் 'குவீன்' என்று இருந்தால் 1862. 'எம்ப்ரஸ்' என்று இருந்தால் 1882 அல்லது 1892, ஏனென்றால் அந்தப் பட்டம் ரூபாயில் வந்தது 1877 முதல்தான். போலி செய்பவர்கள் இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். 1862 என்ற வருடத்தோடு 'எம்ப்ரஸ்' என்று இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. இன்னொன்று, ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற வருடமும் போட்ட 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' காசுகளைப் பல வீடுகளில் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை.

அதே பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1940 முதல் 1945 வரை அடித்த ஒவ்வொரு ரூபாயிலும் உலோகத்தில் பாதிதான் வெள்ளி. தண்ணீர்ச் சோதனையில் 9.5 வாக்கில்தான் வரும். அதைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

விபூதி, புளி, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் சந்தில் படிந்த அந்தக் கருப்பும் மிச்சமிருக்கும் கோடுகளும் போய்விடும். சேகரிப்பவர்கள் தேய்த்த காசைப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள்.

உங்கள் காசு இந்தச் சோதனைகளைத் தாண்டினால், அதில் சுமார் 10.37 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 1882, 1892 இரண்டுமே அபூர்வ வருடங்கள் அல்ல. இவ்வளவு தேய்ந்த காசுக்குச் சேகரிப்பு மதிப்பு என்று பெரிதாக எதுவும் சேராது. ஆனால் அன்றைய வெள்ளி விலையில் பாதிக்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.