பாடம் தெரிந்தும் மதிப்பெண் குறைவது ஏன்? நர்சிங், புள்ளியியல், சட்டம் படிப்போரின் பெற்றோருக்கு

“வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள், பரீட்சையில் மட்டும் கோட்டை விடுகிறாள்” என்று வருந்தும் பெற்றோர் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று படிப்பிலும் வினாத்தாள் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துவிட்டு, ‘இப்போது என்ன செய்வாய்?’ என்று கேட்கிறது. வீட்டில் நடப்பதோ ‘சொல்லு பார்ப்போம்’ பயிற்சி. எத்தனை முறை ஒப்பித்தாலும் அந்தக் கேள்விக்கு அது பழக்காது.

நர்சிங்கில் இது பளிச்சென்று தெரியும். ஆஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வு 1970களில் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கியது. பிறகு செவிலியர் படிப்புக்கும் வந்தது. மாணவி ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போக வேண்டும். ஒன்றில் ஊசி மருந்து, இன்னொன்றில் காயத்துக்குக் கட்டு, மற்றொன்றில் நோயாளியிடம் பேச்சு. சில நிமிடங்களில் மணி அடித்துவிடும். தேர்வாளர் கையில் செக்லிஸ்ட் இருக்கும். கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும்தான் அவர் டிக் போட முடியும். நோயாளியின் பெயரை அடையாளப் பட்டையோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் அந்த மதிப்பெண் கிடைக்காது. வாய்விட்டுப் பெயர் கேட்க வேண்டும், ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். கை கழுவுவது, கேட்பது, மருந்தைச் சரிபார்ப்பது என்ற வரிசை பிசகினாலும் இழப்புதான். ஆகவே நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லிச் செய்து பழகட்டும். நோயாளியாக நீங்கள் உட்காரலாம். செக்லிஸ்டை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம் தெரிய வேண்டியதில்லை.

மருந்துக் கணக்கில் நடக்கும் தவறுகள் தனி வகை. நோயாளிக்கு 75 மி.கி. தர வேண்டும், ஆம்பூலில், அதாவது மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியில், ‘2 மி.லி.யில் 50 மி.கி.’ என்று இருக்கிறது. விடை 3 மி.லி. அவசரத்தில் ‘ஒரு மி.லி.யில் 50’ என்று படித்தவர் 1.5 மி.லி. எழுதிவிடுவார், பாதி மருந்துதான் போகும். வகுத்தலில் தவறே இல்லை, லேபிளைப் படித்ததில்தான் தவறு. டிரிப் கணக்கும் அப்படியே: 1000 மி.லி., 8 மணி நேரம், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாய் செட். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. மணியை நிமிடமாக மாற்ற மறந்தால் 2500 வரும். நிமிடத்துக்கு 2500 சொட்டை யாராலும் எண்ண முடியுமா என்று ஒரு கணம் யோசித்தாலே தவறு பிடிபட்டுவிடும். விடை எழுதியதும் ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்கும் பழக்கத்தைச் சூத்திரத்தோடு சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். பல இடங்களில் அது நடப்பதில்லை என்பது என் மனக்குறை.

புள்ளியியலில் சிக்கல் வேறு. கணக்கை மென்பொருள் போட்டுவிடுகிறது. எந்தக் கணக்கைப் போடுவது என்று மாணவர்தான் முடிவுசெய்ய வேண்டும். 12 நோயாளிகளின் ரத்த அழுத்தம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பத்தி எண்களைப் பார்த்ததும் பலர் இரு தனிக் குழுக்களுக்கான டி-டெஸ்டைப் (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆட்கள் இரண்டு முறை அளக்கப்பட்டிருப்பதால் இணை டி-டெஸ்ட்தான் பொருந்தும். தவறான தேர்வில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு உண்மையான மாற்றத்தை மூடி மறைத்துவிடலாம். மென்பொருள் எச்சரிக்காது, கேட்டதைக் கொடுத்துவிடும்.

அடிப்படை விகிதத்தை, அதாவது மொத்தத்தில் எத்தனை பேருக்கு அது உண்டு என்பதை, மறப்பது இன்னொரு பொறி. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு உண்டு. பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டுகிறது. பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலர் 90 என்பார்கள். 10,000 பேரை எடுத்துக்கொண்டால் நோயுள்ள 100 பேரில் 90 பாசிட்டிவ், நோயற்ற 9,900 பேரில் 495 பாசிட்டிவ். ஆக 585இல் 90, அதாவது சுமார் 15 விழுக்காடு. விழுக்காட்டை இப்படி ஆட்களாக மாற்றி எழுதினால் குழப்பம் பெரும்பாலும் தீரும். இது நர்சிங் மாணவிக்கும் தேவை.

சட்டத்தில், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாக இருந்தாலும் கதை மாறாது. பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும். ‘இவருக்கு ஆலோசனை கூறுக’ என்ற வினாவுக்கு ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் எழுதி வைப்பவர் பொருத்திக் காட்டுவதற்கான மதிப்பெண்ணை இழக்கிறார். விடையின் நான்கு பகுதிகளான பிரச்சினை, விதி, பொருத்தம் (விதியை அந்தச் சூழ்நிலைக்குப் பொருத்திக் காட்டுவது), முடிவு ஆகியவற்றில் மூன்றாவதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும். ஹைட் எதிர் ரெஞ்ச் (1840) என்ற இங்கிலாந்து வழக்கில், பண்ணையை 1000 பவுண்டுக்கு விற்க முன்வந்தவரிடம் மற்றவர் 950 தருகிறேன் என்றார். விற்பவர் மறுத்ததும், வாங்க வந்தவர் 1000க்கே சம்மதம் என்றார். ஒப்பந்தம் ஏற்படவில்லை; 950 என்ற எதிர் முன்மொழிவு 1000 என்ற முதல் முன்மொழிவை அழித்துவிட்டது. இதை ஒப்பிப்பது எளிது. வினாவில் ‘950 தருகிறேன்’ என்று சொல்லாமல் ‘950க்குத் தருவீர்களா?’ என்று மட்டும் கேட்டிருந்தால்? அது வெறும் விசாரிப்பாக இருக்கலாம், முதல் முன்மொழிவு உயிரோடு இருக்கலாம். அந்த ஒரு சொல்லைக் கவனித்து இரு பக்கமும் வாதிடுபவருக்குத்தான் மதிப்பெண். வினாவில் உள்ள தேதி, தொகை, யார் என்ன சொன்னார் எல்லாம் பெரும்பாலும் காரணத்தோடுதான் வைக்கப்படுகின்றன.

இனி நீங்கள் செய்யக்கூடியது. திருத்திய விடைத்தாளை வாங்கி, போன மதிப்பெண் ஒவ்வொன்றையும் மூன்று பத்தியில் பிரியுங்கள்: சூழ்நிலையைத் தவறாகப் படித்தது, தவறான விதியையோ முறையையோ தேர்ந்தது, சரியாகத் தேர்ந்தும் செய்ததில் பிசகியது. முதல் பத்தி நிறைந்தால் புதிய டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு வாரம் பழைய வினாக்களை எடுத்து, விடை எழுதாமல், கொடுத்த தகவல் என்ன, கேட்டது என்ன என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நிறைந்தால், தலைப்பு வாரியாக இல்லாமல் கலந்து வைத்த வினாக்கள் தேவை. ஒரே அத்தியாயக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலையே வராது. மூன்றாவது நிறைந்தால் நேரம் வைத்துப் பயிற்சி, நர்சிங்காக இருந்தால் ஆய்வகத்தில் கூடுதல் நேரம். கல்லூரியில் மதிப்பெண் வழங்கும் திட்டம் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பயிற்சியை அதன்படியே திருத்துங்கள்.