வாசகர் கேள்விகள்: ரயிலும் மர்மக் கதையும்

கேள்வி: எங்கள் ஸ்டேஷனைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். இனி ஊர் பழையபடி கலகலப்பாகிவிடுமா? (மன்னார்குடி வாசகர்)

2025 மே மாதம் திறந்த அந்தக் கட்டடம் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊரைக் கலகலப்பாக்குவது வண்டி வந்து போகிற நேரம். பக்கத்தில் திருவாரூர்–காரைக்குடி பாதையைப் பாருங்கள். அகலப்பாதையாக்கி 2019-இல் வண்டி விட்டபோது சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆனது. கேட்டுகளுக்கு ஆள் இல்லை. அதனால் முன்பெட்டியில் வருகிற ஊழியர் இறங்கிப்போய் கேட்டைச் சாத்துவார், வண்டி தாண்டி நிற்கும், பின்பெட்டி ஊழியர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார், அப்புறம் அடுத்த கேட்டு வரும். பஸ் இருக்கும்போது அதில் யார் ஏறுவார்கள்? ஆள் ஏறாத பாதை நிலைக்காது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி வண்டியை 1986-இல் நிறுத்தினார்கள், மக்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டுப் போடுகிற நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற மாதிரி காலையில் ஒரு வண்டி, பிள்ளைகள் காலேஜ் விட்டுத் திரும்புகிற மாதிரி சாயங்காலம் ஒரு வண்டி, இவை இரண்டும் தவறாமல் ஓடினால் போதும், ஸ்டேஷன் வாசலில் டீக்கடையும் சைக்கிள் ஸ்டாண்டும் தானாக வரும். தஞ்சாவூர்–விழுப்புரம் மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதை. எதிரே வருகிற வண்டிக்கு வழிவிடக் காத்துக் கிடக்கிற வரை புது வண்டி கேட்டாலும் இடம் இருக்காது. நான் முதலில் கேட்பது அங்கே இரண்டாவது தண்டவாளத்தைத்தான்.

கேள்வி: அந்தக் காலத்து மர்ம நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல்களை இன்று வெப் சீரிஸாக எடுத்தால் எடுபடுமா? (கும்பகோணம் வாசகி)

எடுபடும். அவருடைய 'மேனகா' நாடகமாகி, 1935-இல் படமாகவும் வந்தது. 'திகம்பர சாமியார்' 1950-இல் வந்தபோது நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அசத்தினார். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் 'ஒரு கிழவர் வந்தார்' என்று எழுதினால் நாமும் கிழவர் என்றே நம்பிவிடுவோம். திரையில் மூக்கையும் குரலையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோம். சின்னப் பாத்திரத்துக்குப் பெரிய நடிகரைப் போட்டாலே 'இவன்தான் கொலைகாரன்' என்று வீட்டில் பாட்டி சொல்லிவிடுவார். அதனால் முகம் தெரியாத நாடக நடிகர்களை வைத்து எடுக்கட்டும், நம் பக்கத்து ஊர்களிலேயே எடுக்கட்டும். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற வடுவூர்க்காரர் கதையை வேறு எங்கோ செட் போட்டு எடுத்தால் எனக்கு மனசு ஆறாது.

கேள்வி: சரி, அப்படி எடுத்தால் முதல் காட்சியை எங்கே வைக்கலாம்? (நாகப்பட்டினம் வாசகர்)

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். கேட்டு சாத்தியிருக்கிறது, இரண்டு பக்கமும் பஸ் வரிசை, ஜன்னலோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா, ஸ்டேஷனுக்குள்ளே இன்ஜினைக் கழற்றி மாற்றி மாட்டுகிற சத்தம். எல்லோரும் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஒரே ஒருவர் மட்டும் பையை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, எதிர்ப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறுகிறார். கேட்டு திறக்கிறது.

அந்தப் பையில் என்ன இருந்தது என்பதை எட்டாவது எபிசோடு வரை சொல்லக் கூடாது.