எண்டோஸ்கோபி முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் பெருவிரல் மரத்திருந்தால்

சிறு துளை வழியே கேமராக் குழாய் விட்டுச் செய்யும் இந்த ஆபரேஷன் முடிந்தும் உங்கள் அப்பாவுக்குக் கால் பெருவிரல் மரத்தே இருக்கிறதா? ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டின் பிதுங்கலை எடுத்து மூன்று வாரத்தில் அப்பாவுக்குக் கால்வலி விட்டிருக்கிறது என்றால், நரம்பை அழுத்தியது பெரும்பாலும் விலகிவிட்டது.

நசுங்கிக் கிடந்த நரம்பு மெல்லத்தான் தேறும். வலி முதலில் அடங்கும். மரப்பு போக மாதக்கணக்கில் ஆகலாம், ரொம்ப நாள் நசுங்கியிருந்தால் கொஞ்சம் தங்கியும் விடலாம். வெளியே தையல் ஒரு சென்டிமீட்டர்தான் என்பதால் உள்ளேயும் சீக்கிரம் ஆறிவிடும் என்று எதிர்பார்த்துவிடுகிறோம்.

மரப்பைவிட பலத்தைப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க, சுவரைப் பிடித்தபடி குதிகாலில் நாலு எட்டு வைக்கட்டும். இரண்டு முன்பாதமும் ஒரே அளவு உயருகிறதா? பெருவிரலை நீங்கள் கீழே அழுத்த, அவர் எதிர்த்துத் தூக்கட்டும். பலம் குறைந்தாலோ கால்வலி திரும்பினாலோ வட்டு மறுபடி பிதுங்கியிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் சர்ஜனின் கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? இரண்டு பாதமும் மரத்தால் அதுவும் காரணமாகலாம். பாலிகிளினிக்கில் பாதப் பரிசோதனை கேளுங்கள்.

சிறுநீர் அடைத்தாலோ ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, நடு ராத்திரியானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.