பாத்திரச் சத்தம் கேட்காத ஞாயிறு

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். சென்னையில் ஐ.டி. வேலை, வாரம் முழுக்க ஓட்டம். ஞாயிறு காலை சபைக்குப் போவதில்லை. போனை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி, திபெத்தியக் கிண்ண ஓசை, மூச்சுப் பயிற்சி, நடுவில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் என்று மூன்று மணி நேரம் மௌனமாக இருக்கிறேன். பாத்திரச் சத்தம் கேட்கக் கூடாதென்று அன்று மட்டும் வேலைக்கார அக்காவை ஐந்தரைக்கே வரச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளைச் சபைக்குக் கூட்டிப்போகும் மாமியார், இது ஓய்வுநாளே இல்லை என்கிறார். இதுவும் ஓய்வுதானே? - வாசகி, சென்னை

பதில்: கிண்ணத்தைப் பற்றித்தான் திட்டுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அது இருக்கட்டும். என்னை உறுத்தியது அந்த ஐந்தரை மணி.

ஐந்தரைக்கு உங்கள் வீட்டுக் குழாயடியில் நிற்க வேண்டுமென்றால் அந்த அக்கா எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? இருட்டில் எப்படி வருகிறார்? இவ்வளவு எழுதிய நீங்கள் அவர் பெயரை எழுதவில்லை. உங்கள் மௌனத்துக்கு அவர் தூக்கத்தைக் கொடுக்கிறார், சகோதரி.

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20, தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் 5 சொல்லும் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை மறக்காதே. உன்னைப்போலவே உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று அங்கே பச்சையாகவே இருக்கிறது. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று ஓய்வு உண்டு. பம்பாய் மில் தொழிலாளர்கள் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடி 1890-ல்தான் ஞாயிறு விடுமுறை வாங்கினார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இன்றும் அது வீட்டுக்கார அம்மாவின் மனசைப் பொறுத்துத்தான்.

பௌத்தத்தில் கருணை உண்டு. யோகத்தில் அகிம்சைதான் முதல் படி. நீங்கள் ஓசையையும் மூச்சையும் எடுத்துக்கொண்டீர்கள், பாரமானதை அங்கேயே விட்டுவிட்டீர்கள். சங்கீதத்தையும் அப்படித்தான் எடுத்திருக்கிறீர்கள். நமக்கு இதமானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் அதில் அடுத்தவருக்கு இடமே இருக்காது. சபையில் பக்கத்து பெஞ்சுக்காரர் இருமுவார், குழந்தை அழும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து உட்காருவதும் ஆராதனைதான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது தாயின் கடமை, மாமியாருடைய வேலை இல்லை.

நம் வீடுகளின் லட்சணமும் எனக்குத் தெரியும். ஆண்கள் ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்கியதைத்தான் ஓய்வுநாள் என்றோம். அடுப்படியில் வியர்த்து நின்றவளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதை உங்கள் மாமியாரிடமும் ஒருநாள் கேளுங்கள், நிறையச் சொல்வார்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மாவு அரைத்து வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லுங்கள். சபைக்குப் போய் வந்தபின் நீங்களும் உங்கள் கணவரும் பாத்திரத்தைத் தேய்த்து வையுங்கள். அந்த அக்காவின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள்.