அடுத்த அணியின் காரைப் பார்த்து நம் காரைச் செய்யலாமா?

கேள்வி: காலாப்பட்டு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும், மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு எங்கள் அணி புது கார் கட்டுகிறது. போன தடவை எங்களைவிட வெகுவாக முன்னால் முடித்த ஒரு அணியின் காரை 300 போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். அதன் முன் சஸ்பென்ஷனையும் ஒல்லியான சைடுபாடையும் (ரேடியேட்டரை மூடும் பக்கவாட்டுப் பெட்டி) அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று அணியில் பாதிப் பேர், அது திருட்டு என்று மீதிப் பேர். அந்த அணியில் இருக்கும் நண்பன் சாலிட்வொர்க்ஸ் வரைபட ஃபைலையே அனுப்பத் தயாராக இருக்கிறான். அவர்களுக்கு கே.டி.எம். 390 இன்ஜின், டிரைவரோடு 265 கிலோ. எங்களுக்கு ஹோண்டா சி.பி.ஆர். 600, டிரைவரோடு 310 கிலோ. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: போட்டோவை வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் வேண்டாம் என்று நண்பனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பந்தயத் திடலில் எல்லார் கண்ணுக்கும் படுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் காலங்காலமாக நடப்பது. அடுத்தவர் கணினியிலிருந்து வருவது வேறு கதை. 2007-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஃபெராரியின் 780 பக்கத் தொழில்நுட்ப ஆவணம் மெக்லாரன் அணியின் தலைமை வடிவமைப்பாளர் கையில் அகப்பட்டது. அணிக்கு 10 கோடி டாலர் அபராதம், அந்த ஆண்டின் கன்ஸ்ட்ரக்டர் (அணிக்கான) புள்ளிகள் மொத்தமும் போயின. உங்கள் போட்டியில் அவ்வளவு பெரிய தொகை இல்லை. ஆனால் காரை அந்தந்த அணி மாணவர்களே யோசித்து வடிவமைக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. மாட்டினால் உங்களோடு அந்த நண்பனும் மாட்டுவான்.

உங்கள் விவகாரத்துக்கு இன்னும் நெருக்கமானது 2020-இன் ரேசிங் பாயின்ட். முந்தைய ஆண்டு பட்டம் வென்ற மெர்சிடஸ் டபிள்யூ10 காரைப் பார்த்து அந்தச் சின்ன அணி கட்டிய காருக்கு ‘இளஞ்சிவப்பு மெர்சிடஸ்’ என்றே பெயர் விழுந்தது. ரெனோ அணி புகார் கொடுத்தது. வெளி வடிவத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பிடிபட்டது பிரேக் டக்ட், அதாவது பிரேக்கைக் குளிர்விக்கக் காற்றைக் கொண்டுபோகும் குழாய். 2019-இல் அதை இன்னொரு அணியிடமிருந்து பெறலாம். 2020 முதல் அணியே வடிவமைக்க வேண்டிய பாகங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. முன் டக்ட்டை 2019 காரிலேயே ஓட்டியிருந்ததால் தப்பியது. பின் டக்ட் மெர்சிடஸ் வடிவமைப்பிலிருந்து வந்தது, பழைய காரில் ஓடியதும் இல்லை. அதனால் 15 புள்ளிகள் கழிப்பு, 4 லட்சம் யூரோ அபராதம். பருவ முடிவில் மெக்லாரனுக்கு 202, ரேசிங் பாயின்ட்டுக்கு 195. அந்த 15 மட்டும் இருந்திருந்தால் மூன்றாமிடம் அவர்களுடையது.

அதற்குப் பின் வந்த விதி தெளிவானது. போட்டோவை மென்பொருளில் கொடுத்து முப்பரிமாண மாடலாக மாற்றுவதும், அடுத்த அணியின் காரை ஸ்கேன் செய்வதும் கூடாது. எல்லாருக்கும் தெரிகிற தகவலிலிருந்து கற்றுக்கொள்வது தவறில்லை. உங்கள் அணியில் மூண்டிருக்கும் சண்டைக்கும் இந்தக் கோடே போதும்.

அவர்கள் நகல் ஏன் ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும். ரேசிங் பாயின்ட் ஏற்கெனவே மெர்சிடஸிடம் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பின்பக்க அளவுகள் முன்கூட்டியே ஒத்துப்போயின. மூக்கை மட்டும் எடுக்காமல் முன்னிருந்து பின்வரை காற்று போகும் வழி முழுவதையும் மாற்றினார்கள். 2021-இல் பின் தரைத்தட்டை வெட்டச் சொல்லி விதி மாறியதும், பின்பக்கத்தை அதிகம் தூக்காமல் ஓடும் இந்த வகைக் கார்கள் அடிபட்டன. மெர்சிடஸ் சமாளித்து கன்ஸ்ட்ரக்டர் பட்டத்தை வென்றது. ஆஸ்டன் மார்ட்டின் என்று பெயர் மாறியிருந்த அதே அணி ஏழாமிடத்துக்கு இறங்கியது.

உங்களுக்கு அந்த முன்பொருத்தம் கிடையாது. இன்ஜினும் வேறு, எடையும் வேறு.

முதலில் போட்டோவிலிருந்து அளவு எடுப்பது. டயரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தில், டயரைவிட 60 செ.மீ. கேமராவுக்கு அருகில் இருக்கும் பொருள் 25 சதவீதம் பெரிதாகத் தெரியும். பத்து மீட்டர் தள்ளி, ஜூம் போட்டு, கேமராவைச் சக்கர மையத்தின் உயரத்தில் பிடித்து எடுத்தால் பிழை சுமார் 6 சதவீதம். ஆகவே 300 படத்தில் பயன்படுவது பத்தோ பதினைந்தோதான். அளவுகோலாக டயரையே வையுங்கள்: பக்கச் சுவரில் 16.0 x 7.5-10 என்று இருந்தால் வெளி விட்டம் 406 மி.மீ. அதைக் கிடைமட்டமாக அளக்க வேண்டும், மேலிருந்து கீழாக அளந்தால் தரையில் நசுங்கிய பகுதி ஏமாற்றிவிடும். இப்படி எவ்வளவு கவனமாக எடுத்தாலும் விஷ்போன் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் V வடிவக் கை) முனைகள் 10 மி.மீ. முன்னே பின்னே இருக்கும். ரோல் சென்டர், அதாவது கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையப் புள்ளி, அந்த 10 மி.மீ.க்கே எங்கோ போய்விடும். படத்தில் கோணத்தைப் பாருங்கள், எண்ணை நீங்களே கணக்குப் போடுங்கள்.

சஸ்பென்ஷனில் முதலில் சறுக்கும் இடம் ஸ்பிரிங். அவர்கள் ஸ்பிரிங்கில் 250 என்று அச்சிட்டிருந்தால் அது அங்குலத்துக்கு 250 பவுண்டு, அதாவது மில்லிமீட்டருக்கு 44 நியூட்டன். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு அதுவல்ல. மோஷன் ரேஷியோவின் (சக்கரம் அசையும் தூரத்துக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்ற விகிதம்) வர்க்கத்தால் பெருக்க வேண்டும். சக்கரம் 1 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 0.8 மி.மீ. அமுங்கும்படி அவர்கள் பெல் கிராங்க் (சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங்குக்குத் திருப்பும் நெம்புகோல்) இருந்தால் சக்கரத்தில் 28 நியூட்டன்தான். உங்கள் பெல் கிராங்க் 1-க்கு 1 என்றால் அதே ஸ்பிரிங் உங்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பு.

எடையும் சும்மா இருக்காது. 1.4 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 1.4 மடங்கு பக்கவாட்டு விசையில்) திரும்பும்போது, 1200 மி.மீ. டிராக்கும் (இடது, வலது சக்கரங்களின் இடைவெளி) 280 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள 265 கிலோ கார் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்குச் சுமார் 87 கிலோ தள்ளும். உங்கள் 310 கிலோவுக்கு மையம் 310 மி.மீ. என்று வைத்தால் 112 கிலோ. கார் அதிகம் சாயும், டயரின் வெளி விளிம்பு தேயும், அவர்கள் வைத்த கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) உங்களுக்குப் போதாது.

இன்னொன்று ஸ்டீயரிங் ரேக், ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்தண்டு. விஷ்போனை நகலெடுத்துவிட்டு ரேக்கைப் பழைய உயரத்திலேயே விட்டால் பம்ப் ஸ்டீயர் வரும், அதாவது மேடுபள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை 25 மி.மீ. மேலும் கீழும் அசைத்து, ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டையும் டயல் கேஜில் பாருங்கள். வேறுபாடு 1 மி.மீ. தாண்டினால் ரேக்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ, எடுத்தோ சரிசெய்ய வேண்டும். விஷ்போன் பிராக்கெட் உங்கள் சேஸியில் குழாய்கள் சந்திக்கும் முனையில் விழுகிறதா என்பதும் முக்கியம். நடுக்குழாயில் வெல்டு செய்தால் குழாயே வளைந்து கணக்கு எல்லாம் வீண்.

சைடுபாடைப் பொறுத்தவரை எங்கள் கருத்து: விட்டுவிடுங்கள். அது ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ரேடியேட்டர் சின்னது. 373 சி.சி. ஒற்றை சிலிண்டர் தரும் சக்தி 40 குதிரைசக்தி சொச்சம். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறுக்கும் 20 மி.மீ. ரெஸ்டிரிக்டர் வழியாக மூச்சு விட்டாலும் உங்கள் நான்கு சிலிண்டர் ஏறத்தாழ அதன் இரு மடங்கு தரும், தண்ணீருக்குப் போகும் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். ஒரு சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒன்றும் தெரியாது. 22 கி.மீ. எண்டியூரன்ஸ் (நீண்டதூர) ஓட்டத்தில் தெரியும், அதிலும் டிரைவர் மாற்ற கார் நிற்கும் நேரத்தில்.

உடலை ஃபைபரில் செய்யும்போது கடலூர் முதுநகர் பக்கம் படகு வேலை தெரிந்தவர்களிடம் கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் அளவைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படகுக் கனத்தில் போட்டுவிடுவார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒரு அடுக்கு ரெசினோடு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ வரும். நான்கு அடுக்கு, மூன்று சதுர மீட்டர் என்றால் 18 கிலோ. 300 கிராம் மேட் இரண்டு அடுக்கு போதும், 6 கிலோவுக்குள் முடியும். தெர்மாகோலில் அச்சு செதுக்கினால் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும், பி.யூ. ஃபோம் வாங்குங்கள். ஹார்டனரையும் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கி, பிறகு ஒரு கிலோவுக்கு 10 மில்லி ஹார்டனர். நம் ஊர் வெயிலுக்கு அதுவே வேகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் ஈரம் இழுத்து வெளுத்துப்போகும், ஆகவே ஃபைபர் வேலையை ஆயுத பூஜைக்கு முன் முடியுங்கள்.

டிசைன் சுற்றுக்கு 150 மதிப்பெண். நடுவர்கள் அந்த இன்னொரு காரையும் பார்த்தவர்கள். “அவர்கள் காரில் பார்த்தோம், எங்கள் எடைக்கு இந்தக் கோணத்தை இப்படி மாற்றினோம், இதோ கணக்கு” என்று சொல்லும் அணிக்கு அதனால் மதிப்பெண் குறையாது. “ஏன் இந்தக் கோணம்?” என்ற கேள்விக்கு விழிக்கும் அணிக்குத்தான் குறையும்.

மாற்றியது பயன் தருகிறதா என்று பார்க்கக் கல்லூரி மைதானமே போதும். உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர், வெளிவட்டம் 21.25 மீட்டர் என்று கோன் வையுங்கள். நடுவழியாக ஒரு சுற்று 5.5 நொடி என்றால் 1.2 ஜி. பழைய ஸ்பிரிங், புது ஸ்பிரிங், மறுபடி பழையது என்று ஒரே நாளில், ஒரே டிரைவர், ஒரே டயரில் ஓட்டுங்கள். மூன்றாவது ஓட்டம் முதலாவதோடு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் கிடைத்த எண்ணை நம்ப வேண்டாம். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து போடும் இடம் அது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தரையைப் பெருக்கிவிடுங்கள்.