இறந்தவர் மேலேயே எஃப்.ஐ.ஆர்.: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 34 வயது, கட்டட மேஸ்திரி. மூன்று மாதத்துக்கு முன் இரவில் பைக்கில் வரும்போது, உளுந்தூர்பேட்டை பக்கம் நான்கு வழிச்சாலையில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதி இறந்துவிட்டார். ஹெல்மெட் போடவில்லை. போலீஸ் அண்ணன் மீதே வழக்கு எழுதி முடித்துவிட்டது. அண்ணி, இரண்டு குழந்தைகள், அம்மா இருக்கிறார்கள். ஏதாவது கிடைக்குமா?

பதில்: கேட்கலாம் சகோதரி, ஆனால் உட்கார நேரமில்லை. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது சட்டம், உங்களுக்குப் பாதி போய்விட்டது.

எஃப்.ஐ.ஆரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்பதால் அவர் பெயரில் எழுதிக் கோப்பை மூடுவது நம் ஊரில் புதிதில்லை. தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் அங்கே பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு ஆபத்தாகச் சாலையில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவே சொல்கிறது. ஸ்டேஷனில் மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பதிவு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றுக்கும் நகல் வாங்குங்கள். லாரி தார்ச்சாலையில் நின்றதா, மண் ஓரத்திலா, பின்பக்க விளக்கும் ரிஃப்ளெக்டர் பட்டையும் இருந்ததா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. அன்று யாராவது செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஹெல்மெட் போடாததை மறைக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனையில் மரணம் நெஞ்சு அடியால் என்று இருந்தால் ஹெல்மெட் வாதம் எடுபடாது, தலைக்காயம் என்றால் தொகையில் ஒரு பங்கு குறையலாம், அவ்வளவுதான். ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில், விதிமீறலுக்கும் விபத்துக்கும் அல்லது அதன் பாதிப்புக்கும் தொடர்பு இருந்தால்தான் கணக்கில் எடுக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தொகை? மாத வருமானம் 20,000 என்று நிரூபித்தால், எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 28,000, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 21,000, வருடத்துக்கு 2,52,000, அதை வயதுக்கான பெருக்கல் எண் 16-ஆல் பெருக்கினால் 40,32,000. அவர் மேல் 30 சதவீதத் தவறு என்று வைத்தாலும் 28 லட்சத்துக்கு மேல் வரும். யார் தவறு என்று பார்க்காமல் 164-ஆவது பிரிவில் 5 லட்சம் தருகிறோம் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்தால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள், அதை வாங்கிக்கொண்டால் பெரிய மனு போய்விடும். அப்புறம், பைக் அண்ணன் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, பாலிசியில் உரிமையாளர் விபத்துக் காப்பீடும் கட்டியிருந்தால் 15 லட்சம் தனியாகக் கேட்கலாம். பல வீடுகளில் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

மனுவை உங்கள் மாவட்டத்திலேயே போடலாம். பிணவறை வாசலிலேயே வக்காலத்தை நீட்டி இத்தனை சதவீதம் என்று பேசுகிறவர்களிடம் போகாதீர்கள், சதவீதக் கட்டணம் வாங்குவது வக்கீலுக்கே தடை. பெண் என்பதால் வருமானம் பாராமல் அண்ணிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

2022-இல் இந்தியாவில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் மட்டும் 50,029. ஹெல்மெட் போடாதவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் போடுகிற அக்கறை, இருட்டில் நிற்கிற லாரி மீதும் வர வேண்டும். அந்த இடத்தில் இன்னும் லாரிகள் நின்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லுங்கள், கலெக்டருக்கும் ஒரு மனு எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.