வேலை கிடைக்க டிகிரி முக்கியமா, இல்லை பேச்சுத் திறமையும் ஆள் பழக்கமுமா?

உங்களுக்கு அரியர் இருக்கிறது, சரியா? இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். ஆனால் டிகிரியைக் கையில் வைத்திருக்கிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2009-ல் நானே இதைக் கேட்டுக்கொண்டு மதுரையைச் சுற்றித் திரிந்தவன். அப்போது என் கணக்கில் இரண்டு அரியர்: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அலைடு மேத்ஸ்.

ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பி.எஸ்சி. முடித்தும் முடிக்காமலும் சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்து மொத்தக் கடையில் சேர்ந்தேன். ரேக்கிலிருந்து மருந்து எடுத்துக் கொடுப்பது, பேட்ச் நம்பர் பார்ப்பது, எக்ஸ்பைரி நெருங்கியதைப் பிரித்து வைப்பது, வெளியூர்க் கடைகளுக்குப் பார்சல் கட்டி ஆரப்பாளையம் போய் பஸ்ஸில் ஏற்றிவிடுவது, இவ்வளவுதான் வேலை. முதலாளி விருதுநகர்க்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

மாதக் கடைசியில் மருந்துக் கம்பெனி ரெப்கள், அதாவது விற்பனைப் பிரதிநிதிகள், வரிசையாக வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, டார்கெட் முட்டலை, அஞ்சு பெட்டி மட்டும் எடுத்துக்கங்க." டை கட்டிய ஆள், கைலி கட்டிய மனுஷனிடம் கெஞ்சுவதை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். இருந்தாலும் அந்த டை மேல் எனக்கு ஆசை. எந்த ஊரில் எந்த டாக்டர் எந்த மருந்தை எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள ரெப்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். எனக்கு அது ஆர்டர் புக்கைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம். உசிலம்பட்டியில் ஒரு டாக்டர் லீவு போட்டால் எந்த சிரப் தேங்கும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு கம்பெனியின் ஏரியா மேனேஜர் அடிக்கடி வந்து உட்காருவார். அண்ணாச்சி அவரிடம், "நம்ம பய சார், தங்கமான பய, எடுத்துக்கங்க" என்று ஒரே வரிதான் சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் எதிரே ஒரு லாட்ஜ் ஹாலில் இன்டர்வியூ. டாக்டர் முன்னால் பேசுவது போல மருந்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். மேலே இருந்து வந்தவர் என் பேச்சை நிறுத்திவிட்டு உசிலம்பட்டி மார்க்கெட் பற்றியே அரை மணி நேரம் கேட்டார். வேலை உறுதி. ஃபாரத்தில் டிகிரி என்ற இடத்தில் 'பாஸ்' என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

டவுன்ஹால் ரோட்டில் இரண்டு டை வாங்கிக்கொண்டு சென்னைக்கு டிரெயினிங் போனேன். ஐந்தாவது நாள் டீ நேரத்தில் ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு, கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் புரொவிஷனல் சர்டிபிகேட்டும் எங்கே என்று கேட்டார். "இன்னும் வரலை மேடம்." எந்த வருஷம் முடித்தாய், எந்தக் கல்லூரி, ரிஜிஸ்டர் நம்பர் என்ன என்று வரிசையாகக் கேட்டார். மூன்றாவது கேள்வியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டக்கூட இல்லை. பேட்ஜை வாங்கி வைத்துக்கொண்டார்.

காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். வீட்டுக்குப் போக முகமில்லை. டையைச் சுருட்டி செருப்புக் கவருக்குள் திணித்துவிட்டு, மூன்று டீ குடித்துப் பொழுதைப் போக்கி, ஒன்பது மணிக்குக் கடைக்கே போனேன். அண்ணாச்சி ஏறிட்டுப் பார்த்தார். "வந்துட்டியா? உசிலம்பட்டி பார்சல் கட்டாமக் கெடக்கு." வேறொன்றும் கேட்கவில்லை.

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாசம் கழித்துத்தான் கூட வேலை பார்த்த பையன் சொன்னான். நான் திரும்பி வருவதற்கு முதல் நாளே அந்த ஏரியா மேனேஜர் வந்து, கடையில் ஆள் நிற்கும்போதே, "உங்க பேச்சை நம்பித்தானே அண்ணாச்சி எடுத்தேன், என்னைய கூட்டிவெச்சு வைஞ்சுட்டாங்க" என்று கத்தியிருக்கிறார். பிறகு இரண்டு வருஷம் அந்தக் கம்பெனியில் அண்ணாச்சி சொல் எடுபடவில்லை. அதே கடையில் என்னோடு வேலை பார்த்த இன்னொருவன் அரியரே இல்லாமல் பி.எஸ்சி. முடித்தவன். அவனுக்காக அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. அவனை இன்றும் வழியில் பார்த்தால் எனக்கு நேராகப் பேச வராது.

'ஆள் பழக்கம்' என்று லேசாகச் சொல்கிறார்களே, அது இன்னொருவர் பெயரைக் கடன் வாங்குவது. மருந்துக் கடையில் முப்பது நாள் கடன் கொடுப்பதைப் போல. நாம் கட்டவில்லையென்றால், அடுத்து வருகிறவனுக்கும் சரக்கு கிடையாது. டிகிரி அந்த வேலைக்குத் தேவையா என்றால், சத்தியமாகத் தேவையில்லை. நான் படித்த பென்சீன் வளையத்தை ஒரு டாக்டரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் நம்மைப் பார்த்தே இராத ஒருவர் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அண்ணாச்சியைத் தெரியாது, மார்க் ஷீட்டைத்தான் தெரியும்.

"சிபாரிசே தப்பு, திறமைதான் வேண்டும்" என்று கீழே கமென்ட் போட வருகிறவர்களுக்கு ஒன்று. நானும் அப்படி எழுதலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் திறமை அந்தக் கடையை விட்டு வெளியே தெரிய ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஆளும் சொந்தக்காரராக இருக்கவில்லை. எங்கள் தாய்மாமா "மந்திரி வரைக்கும் நமக்குப் பழக்கம் மாப்ள" என்று பயோடேட்டா ஐந்து காப்பி வாங்கிப் போனார். அது எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. நெருங்கியவர்களை விட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலம்தான் வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே எழுதியிருக்கிறார். பின்னால் படித்தபோது மாமா மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

அரசு வேலை என்றால் கதையே வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், நேர்முகத் தேர்வு கிடையாது. பேச்சுத் திறமையை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டிகிரி கேட்கும் பதவிகளில் காகிதத்தின் வரிசை கூட முக்கியம். பிளஸ் 2 எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணையே போட்டது. என் பெரியப்பா மகன் அப்படி எம்.ஏ. வரை போய் மாட்டிக்கொண்டான்.

காகிதம் ஆளை விடப் பெரிதாகிவிடும் இடமும் உண்டு. பார்மசி சட்டம் 1948-ன்படி பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்க வேண்டும். சில கடைகளில் சர்டிபிகேட் சுவரில் தொங்கும், அதன் சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார், மாசம் பிறந்தால் பணம் மட்டும் போகும். எல்லாக் கடையும் அப்படி இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அரியர் கதைக்கு வருகிறேன். மேத்ஸை முதல் முறையிலேயே பாஸ் பண்ணினேன், ஆர்கானிக்கை இரண்டாவது முறை. பார்சல் ஏற்றிவிட்டு ஆரப்பாளையம் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து படித்தேன். பிறகு வேறொரு கம்பெனி ரெப், அவரும் லேசான பழக்கம்தான், காலியிடம் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன். என்னோடு சேர்ந்தவன் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவான். ஒன்பது மாதத்தில் போய்விட்டான். காத்திருக்க முடியவில்லை அவனால். எங்கள் வேலையில் பர்சனாலிட்டி என்பது ராத்திரி பத்தரைக்கு கிளினிக்கில் கடைசி டோக்கன் போன பிறகு, டாக்டரிடம் ஒரு நிமிஷம் கிடைக்கும்போது, முகத்தில் எரிச்சல் இல்லாமல் நிற்பது.

நிற்பது என்றுதான் சொல்கிறேன். நாற்காலி காலியாக இருந்தாலும் ரெப் உட்காரக் கூடாது என்று சில கிளினிக்குகளில் எழுதாத சட்டம். எங்களைப் போன்றவர்களின் பணி நிலைமைக்கென்று 1976-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், உட்காருவது பற்றி அதில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது என்று 2024-ல் மத்திய அரசு நடத்தை விதி கொண்டு வந்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. கல்யாண வீட்டில் இலை போடுவதற்குள் நாலு பேர் சாம்பிள் டானிக் கேட்பார்கள். சரி, அதை விடுங்கள்.

போன மாசம் அதே கடையில் வேலை பார்க்கிற பையன் ஒருவன், "அண்ணே, உங்க கம்பெனில சொல்லிவிடுங்கண்ணே" என்று வந்தான். அரியர் இருக்கா என்றேன். கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துவிட்டு "ரெண்டு" என்றான். நவம்பர் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டிவிட்டு வா, ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்றேன். ஆள் மாறிட்டாரு, டை கட்டுனதும் பழசை மறந்துட்டாரு என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி அவனிடம், பார்சல் கட்டியாச்சா என்று கேட்டாராம்.